நானூற்றுப் பன்னிரண்டு கைகள்

உங்கள் டோக்கன் எத்தனை, அக்கா? பதினேழா? அப்படியென்றால் நான் உங்களுக்கு முன்னால். பதினாறு. இப்போதுதான் ஒன்பது உள்ளே போயிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் நம் முறை வந்தால் அதிசயம். மகளின் பட்டச் சான்றிதழில் பெயர் தப்பாக வந்துவிட்டதா? அதற்குப் பதிவாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உட்காருங்கள், மின்விசிறி இந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

நானா? ஒரு திருட்டு விஷயமாக வந்திருக்கிறேன். ஐயோ, பையை எதற்கு மடியில் வைத்துக்கொள்கிறீர்கள்? நான் குற்றவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே. திருட்டு, கொலை, கொள்ளை, இதெல்லாம் எங்களுக்குப் பாடம். ஒருவன் ஏன் திருடுகிறான் என்று படிக்கிற படிப்பு.

இதில் இரண்டு கட்சி உண்டு, அக்கா. இருநூறு வருஷமாகச் சண்டை. ஒரு கட்சி, குற்றம் உடம்பில் இருக்கிறது, பிறக்கும்போதே கூட வருகிறது என்கிறது. இன்னொரு கட்சி, அப்படியெல்லாம் இல்லை, பசியில் இருக்கிறது, வளர்ப்பில் இருக்கிறது, யார் சட்டம் எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்கிறது. நான் இரண்டாவது கட்சி. அவள் முதல் கட்சி.

அவள் என்றால் பெனிட்டா. நாகர்கோவில்காரி. நானும் அவளும் ஒரே வருஷம் சேர்ந்தோம், ஒரே வழிகாட்டி, ஒரே அறை, எதிரெதிர் மேசை. எல்லாரையும் 'மக்கா' என்பாள். காவலாளியிலிருந்து துணைவேந்தர் வீட்டு நாய் வரைக்கும் மக்காதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவளால் எந்தக் கதவையும் திறக்க முடியும். ஆவணக் காப்பகத்தில் பழைய காவல் பதிவேடுகளைப் பார்ப்பதற்கு எனக்கு அனுமதி கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. அவளுக்குச் சிறைக்குள் போவதற்கு மூன்று வாரம். சிறைக்கு, அக்கா! அவள் அப்பா சிறைத்துறையில் இருந்தவர், சித்தப்பா தாசில்தார், அத்தை ஏதோ கல்லூரியில் முதல்வர். அந்தக் குடும்பத்துக்கே அப்படி ஒரு சிரிப்பு. பல் தெரியாமல், கண்ணால் சிரிப்பது. கேட்டதைக் கொடுக்க வைக்கிற சிரிப்பு. அது ரத்தத்திலேயே ஓடுகிறது, வேறென்ன.

இல்லை இல்லை, நான் பரம்பரைக் குணத்தைச் சொல்லவில்லை. அது வேறு. இது வந்து... சரி, அதை விடுங்கள்.

அவள் ஆராய்ச்சி என்ன தெரியுமா? விரல். மோதிர விரல் ஆள்காட்டி விரலைவிட எவ்வளவு நீளம் என்று அளப்பது. கூடுதல் நீளமென்றால், தாய் வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அதிகம் சுரந்திருக்கிறது, அதனால் ஆள் முரடாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. உங்கள் விரலைப் பார்க்காதீர்கள், அக்கா! யாரிடம் சொன்னாலும் உடனே அதைத்தான் செய்கிறார்கள்.

இது புதுசு என்று நினைக்கிறீர்களா? முதலில் மண்டையைத் தடவினார்கள். இந்த இடத்தில் மேடு இருந்தால் திருடுவான், அந்த இடத்தில் மேடு இருந்தால் கொல்லுவான் என்று. அப்புறம் இத்தாலியில் ஒரு டாக்டர். செத்துப்போன ஒரு கொள்ளைக்காரனின் மண்டையோட்டைப் பார்த்தார். பின்பக்கம் உள்ளே ஒரு சின்னக் குழி. அவ்வளவுதான், மின்னல் வெட்டிய மாதிரி எல்லாம் புரிந்துவிட்டதாம். குற்றவாளி என்பவன் மனிதகுலம் கடந்துவந்த பழைய படியில் நின்றுபோனவன் என்று எழுதினார். பெரிய தாடை, நீளக் கை, பின்னால் சரிந்த நெற்றி. பச்சை குத்தியிருப்பதைக்கூட அடையாளத்தில் சேர்த்தார். பச்சை குத்தினவர் எல்லாம் குற்றவாளி என்றால் உங்கள் ஊரில் பாதிப் பேரை உள்ளே வைக்க வேண்டும், இல்லையா?

அப்புறம் இங்கிலாந்தில் இன்னொரு டாக்டர் மூவாயிரம் கைதிகளை அளந்து, அப்படி ஒரு தனி உருவமே கிடையாது என்று காட்டினார். சரி, அதோடு விட்டாரா? கைதிகள் உயரம் குறைவு, புத்தியும் குறைவு என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுப் போனார். பிறகு குரோமோசோம் வந்தது. ஒரு ஆணுக்கு ஒய் ஒன்று கூடுதலாக இருந்தால் வெறிபிடித்தவன் என்றார்கள். கடைசியில் பார்த்தால், அவனுக்குக் கூடுதலாக இருந்தது பெரும்பாலும் உயரம்தான். அப்புறம் ஜீன். இப்போது விரல். ஒவ்வொரு தலைமுறையிலும் உடம்பில் ஒரு புது இடத்தைத் தோண்டுகிறார்கள்.

அந்த இத்தாலி, அந்த இங்கிலாந்தெல்லாம் நமக்குத் தூரம். நம் ஊரில் நடந்தது என்ன? சில சாதிகளை மொத்தமாகப் பிறவிக் குற்றவாளி என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். ரேகைச் சட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். என் அப்பாவின் தாத்தா, என் பூட்டன், அந்தப் பதிவேட்டில் இருந்தவர். ஒரு கோழியைக்கூடத் திருடியதில்லை. பிறந்தார், அதுதான் குற்றம். கையில் மை தடவித் தாளில் அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினார். பக்கத்து ஊர் சந்தைக்குப் போகக் காவல் நிலையத்தில் சீட்டு வாங்கினார். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள் அக்கா, கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

இப்போது பெனிட்டாவும் அதைத்தான் செய்தாள். மைத்திண்டை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனாள். இருநூற்றுப் பன்னிரண்டு கைதிகளின் உள்ளங்கையில் மை தடவித் தாளில் பதித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க இருநூறு கல்லூரி மாணவர்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கைகள்.

என் கையும் அதில் ஒன்று. ஆமாம், கொடுத்தேன். எல்லார் முன்னாலும் கேட்டாள். "மக்கா, உன் கைய ஒரு நிமிசம் தா" என்றாள். மறுத்தால், பார்த்தாயா பயந்துவிட்டாள் என்பார்கள். நாற்பத்தொன்றாம் எண் தாள். அங்கேயே அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏயப்பா, உனக்கு மோதிர விரல் நல்ல நீளம் மக்கா" என்றாள். எங்கள் வழிகாட்டி வைரவநாதன் சார் அந்தப் பக்கமாக வந்தவர், "செண்பகாகிட்ட எல்லாரும் சூதானமா இருங்கப்பா" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியுமா?

அதற்கு அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கு. நான் என் கட்டுரையை வாசித்தேன். மண்டையில் ஆரம்பித்து விரல் வரைக்கும், நாற்பது நிமிஷம். பூட்டனைப் பற்றிச் சொன்னேன். எங்கள் துறை அட்டெண்டர் ஐகோர்ட்துரை அண்ணன் தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். அது அவர் பெயர்தான், சிரிக்காதீர்கள். அவர் ஊர்ப் பக்கத்தில் ஐகோர்ட் மகாராஜா என்று ஒரு சாமி உண்டு. குற்றவியல் துறைக்கு இதைவிடப் பொருத்தமாக ஆள் கிடைக்குமா? தேநீர் ஆறிப்போனது, யாருக்கும் கொடுக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்லா சொன்னிய மேடம். எங்க அண்ணன் ஒரு வரப்புச் சண்டையில ஆயுள் தண்டனை வாங்கி உள்ள கெடக்கான். ஊர்ல என்னையும் பாத்து, அவன் தம்பிதான, அதே வித்துன்னு சொல்லுவாவ. அதுக்குப் பதில் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். பதினான்கு வருஷமாகத் தினக்கூலியில் இருக்கிறார். இந்த வருஷம்தான் நிரந்தரமாக்கக் கோப்பு போயிருந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஐந்து நிமிஷம்.

அப்புறம் கேள்வி நேரம். எல்லாக் கேள்வியும் பெனிட்டாவுக்கு. பேசியது நான், கேள்வி அவளுக்கு! சிறைக்குள் எப்படி இருந்தது, கைதிகள் ஒத்துழைத்தார்களா, என்ன சாப்பிடுகிறார்கள். கடைசியில் சார் என்னைப் பார்த்து, "நல்ல உணர்ச்சியாப் பேசினம்மா. ஆனா தரவு எங்க? பெனிட்டாகிட்ட நானூறு கை இருக்கு. உங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். அதே மேடையில், அதே மூச்சில், இத்தாலி மாநாட்டுக்குத் துறையிலிருந்து ஒருவர்தான் போகலாம், பெனிட்டா போகிறாள் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். இத்தாலி, அக்கா. அந்த மண்டையோட்டு டாக்டரின் ஊர். அவரைத் திட்டி நாற்பது நிமிஷம் பேசினவள் இங்கே, விமானம் ஏறுகிறவள் அவள். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "உன் பேச்சுதான் மக்கா இன்னைக்கு டாப்பு" என்றாள். வென்றவர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுகிறார்கள். கொடுத்துவைத்தவர்களுக்குப் பாராட்டுவது சுலபம்.

இரண்டு நாள் கழித்து நான் என் கையைத் திரும்ப எடுக்கப் போனேன்.

என் கையை மட்டும். நாற்பத்தொன்றாம் எண். பூட்டனுக்கு மறுக்க வழியில்லை, எனக்கு இருந்தது, நான் மறுக்கவில்லை. அந்தத் தப்பைத் திருத்தப் போனேன். என் கை, என் உரிமை. சரிதானே? மதியச் சாப்பாட்டு நேரம். அலமாரிச் சாவி ஐகோர்ட்துரை அண்ணன் மேசைக்கு மேலே, காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். துறையில் எல்லாருக்கும் தெரியும். திறந்தேன். நாற்பத்தொன்றைத் தேடினேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. ஒரு தாளை மட்டும் எடுத்தால், யார் எடுத்தது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அந்த எண்ணுக்கு நேரே என் பெயர் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. அதனால் மொத்தக் கட்டையும் எடுத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள், அக்கா. தர்க்கமாக யோசித்துப் பாருங்கள், வேறு வழி இல்லை.

பிரதி இருக்குமே என்பீர்கள். இல்லை. ரேகை தெரிகிற தாள் என்பதால் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. போட்டோ எடுக்கக் கூடாது, கணினியில் ஏற்றக் கூடாது, துறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அளந்து முடித்ததும் எரித்துவிட வேண்டும். அவள் பாதிகூட அளந்திருக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தேனா என்று கேட்டால்... தெரியும், அவ்வளவுதான்.

விடுதிக்கு வந்து பெட்டிக்குள் அடியில் வைத்தேன். உடனே இல்லை. முதலில் கட்டிலில் பரப்பி என் விரலையும் கைதிகள் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்று மூன்றாம் எண் கைதிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அது எதையும் நிரூபிக்காது. நானே சொல்லியிருக்கிறேன், கட்டுரையில் ஆறாம் பக்கம்.

மறுநாள் துறையே தலைகீழ். சாவி யாரிடம்? ஐகோர்ட்துரையிடம். கைதிகளில் ஒருவன் யார்? ஐகோர்ட்துரையின் அண்ணன். அவன் கையும் அந்தக் கட்டில் இருக்கிறது. முடிந்தது கதை. அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு அம்மாள், நெற்றி நிறைய திருநீறு, "எனக்குத் தெரியும் சார், புத்தி எங்க போகும்? அண்ணன் உள்ள இருக்கான், தம்பி இன்னும் வெளிய இருக்கான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நிரந்தரக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் சும்மா இருந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? விடவில்லை. அந்த அம்மாளின் மேசைக்கு முன்னால் போய் நின்று பேசினேன். "ரத்த உறவைச் சாட்சியமா வச்சு ஒரு மனுசரை வேலையிலருந்து நிறுத்துறது நூத்தம்பது வருசத்துக்கு முந்தின சட்டத்தோட மிச்சம்" என்றேன். சாரிடம் பேசினேன். மாணவர் சங்கத்தில் பேசினேன். எட்டு நாளும் கொள்கை அளவில் அவர் பக்கம் நின்றது நான் ஒருத்திதான்.

ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எல்லாம் பேசினேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் என்ன ஆகும்? செண்பகவல்லி எடுத்தாள் என்றா சொல்வார்கள்? நானே மேடையேறி என் பூட்டன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே. பார்த்தாயா, நாற்பது நிமிஷம் முழங்கினாளே, வம்சம் காட்டிவிட்டது என்பார்கள். அந்தத் திருநீற்று அம்மாள் என்ன சொல்வார் என்பதை எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். ஒருத்தி பொறாமையில் செய்ததை ஒரு ஊரே ரத்தத்தில் செய்ததாக... நான் பொறாமை என்று சொன்னேனா? உதாரணத்துக்குச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் பெனிட்டா துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். மூன்றே வரி. 'தாள்களை அளப்பதற்காக விதியை மீறி நாகர்கோவில் வீட்டுக்கு எடுத்துப்போகையில் பஸ்ஸில் தவறவிட்டேன். பயத்தில் அலமாரியிலிருந்து காணாமல் போனதாகச் சொன்னேன். ஐகோர்ட்துரை மீது எந்தத் தவறும் இல்லை.'

பொய்! மூன்று வரியும் பொய்! எனக்குத் தெரியாதா? தாள்கள் என் பெட்டியில் அல்லவா இருக்கின்றன!

அந்தப் பொய்க்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நேர்மை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அந்தக் கடிதத்துக்கு முன்னால் நின்று ஒரு மாணவி அழுகிறாள். ஒரு வருஷம் ஆராய்ச்சியை நிறுத்தி வைத்தார்கள், இத்தாலி போயிற்று, ஆனால் துறை முழுக்க அவள் பெயர்தான். "தன் ஆராய்ச்சியே போனாலும் பரவாயில்ல, ஒரு ஏழைய காப்பாத்திட்டா" என்று சார் வகுப்பில் சொன்னார். ஐகோர்ட்துரை அண்ணனுக்காக எட்டு நாள் தொண்டை வற்றப் பேசினது யார்? அவள் மூன்று வரி எழுதினாள், அவள் தியாகி. என் கொள்கை, என் வாதம், கைதட்டு அவளுக்கு. அன்று மாலை சார் என்னைக் கூப்பிட்டு, "இத்தாலிக்கு நீயே போயிட்டு வாம்மா, வேற ஆள் இல்ல" என்றார். வேறு ஆள் இல்லை. கேட்டீர்களா? அவள் சாப்பிட்டு மிச்சம் வைத்த இலையில் எனக்குப் பரிமாறுகிறார்.

பதின்மூன்றா கூப்பிடுகிறார்கள்? இன்னும் நேரம் இருக்கிறது.

முந்தாநாள் ஐகோர்ட்துரை அண்ணன் வேலைக்குத் திரும்பினார். என் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"என்னண்ணே, பெனிட்டா மேடம் உங்கள காப்பாத்திட்டாங்க போல."

"ஆமா மேடம். ஆனா அவிய எதையும் தொலைக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எடுத்துட்டுப் போனத நான் பாத்தேம்லா. மாடிப்படியில பார்சலோட ஏறி வாறேன், நீங்க கட்ட மார்போட அணைச்சுக்கிட்டு அந்தப் பக்கத்துப் படி வழியா எறங்குதிய."

தேநீர் என் கையில் கொட்டியது. அவரே துடைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, அக்கா. "பாத்துட்டு ஏன் சொல்லல? உங்க வேலை போச்சே!" என்று கத்தினேன். நான் அவரைப் பார்த்துக் கத்துகிறேன், பாருங்கள்.

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்" என்றார். "ஒவ்வொரு நாளும் எனக்காகப் பேசுதியன்னு கேள்விப்படுவேன். சரி, நாளைக்குச் சொல்லிருவாவ, நாளைக்குச் சொல்லிருவாவன்னு இருந்தேன். எட்டு நாளாச்சு. வீட்ல கஞ்சிக்கு வழியில்ல. பெனிட்டா மேடம்ட்ட மட்டும் போயி சொன்னேன்."

எனக்கு அப்போது முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அவருடைய கஞ்சி இல்லை. அவளுக்குத் தெரியும். அதுதான். தெரிந்துகொண்டு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாள்.

"அவ என்ன சொன்னா?"

"அண்ணே, இத யார்ட்டயும் சொல்லாதீங்கன்னாவ. வெளிய வந்தா செண்பகாவ மட்டுமா சொல்லுவாங்க, அவ பூட்டன் வரைக்கும் இழுப்பாங்க, அன்னைக்கு அவ பேசினத நான் கேட்டேன், அத இவங்க வாயில போட்டு மெல்லவிடக் கூடாதுன்னாவ. எனக்கும் சரின்னு பட்டுது மேடம். அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

என் பூட்டன், அக்கா! என் பூட்டனுக்கு அவள் குடை பிடிக்கிறாள்!

போனில் கூப்பிட்டேன். எடுத்ததும், "யார் உன்ன கேட்டது?" என்றேன். அவள், "விடு மக்கா" என்றாள். "நீ எடுத்தது எனக்கு ஆத்திரம்தான். ரெண்டு வருச வேலை. உன்ன அறையணும்னுதான் வந்துச்சு. ஆனா நீ சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. மை தடவும்போது ஒரு வயசாளி கேட்டாரு, இதெல்லாம் வெளிய இருக்கவனுக்குப் பாக்கணும் தாயி, நான்தான் ஏற்கெனவே உள்ள இருக்கேன்லான்னு. அன்னைக்கே எனக்கு ஒருமாதிரி ஆயிட்டு."

பார்த்தீர்களா? நான் நாற்பது நிமிஷத்தில் சொன்னதை ஒரு கைதி ஒரு வரியில் சொல்லிவிட்டார். அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் அப்படி ஒன்று சொன்னதே இல்லை.

மன்னிக்க அவள் யார்? அவளிடம் எல்லாம் இருக்கிறது. சிரிப்பு, சித்தப்பா, நானூறு கை, இத்தாலி. எல்லாவற்றையும் தூக்கிப் போட்ட பிறகும் என்னைவிடப் பெரியவளாகவே நிற்கிறாள். நான் இத்தாலிக்குப் போய் மேடையில் நின்று ரத்தம் பொய், பரம்பரை பொய் என்று பேசும்போது, நாகர்கோவிலில் ஒருத்தி கண்ணால் சிரித்துக்கொண்டு எனக்கு உயிர்ப்பிச்சை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பெருந்தன்மையில் ஒரு நாள்கூடக் குடியிருக்க மாட்டேன். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி, அது இதென்று எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கட்டையும் கொண்டுவந்திருக்கிறேன், எண் வாரியாக அடுக்கி. அவள் அளக்கட்டும், எரிக்கட்டும், இத்தாலிக்குப் போகட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

துறைத்தலைவரிடம் கொடுத்தால் மூடி மறைப்பார். அதனால்தான் நேராகப் பதிவாளர். கடிதமும் எழுதிவிட்டேன். பாருங்களேன், நீங்கள் படித்தவர்தானே? ஒன்பது பக்கம்.

என்ன அக்கா, திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்? எங்கே இருக்கிறதா? எது? ஓ, அதுவா. ஏழாம் பக்கம், கீழேயிருந்து நான்காவது வரி. 'மேற்கண்ட வரலாற்றுச் சூழலில் அத்தாள்கள் என்னால் அகற்றப்பட நேர்ந்தது' என்று இருக்கிறது பாருங்கள். முதல் ஆறு பக்கம் வரலாறு. அது தெரியாமல் இது எப்படிப் புரியும்? எட்டும் ஒன்பதும் பரம்பரையைக் காரணமாகக் காட்டக் கூடாது என்பதற்கான ஆதாரங்கள். நான் எடுத்தேன் என்று தெரிந்ததும் அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியுமே, முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

என்ன? அவர்கள் இன்னும் கேட்கவே இல்லையா?

இல்லை அக்கா, உங்களுக்குப் புரியவில்லை. ஐகோர்ட்துரை அண்ணனுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி வருமென்றா நினைக்கிறீர்கள்? எனக்கும் வரும். வரத்தான் செய்யும். அப்போது என் பூட்டனுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?

பூட்டன் எதுவும் எடுக்கவில்லையே என்கிறீர்கள்.

ஆமாம். எடுக்கவில்லை.

அவருக்கு இந்தக் கடிதத்தில் என்ன வேலை என்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள்.

பேனா இருக்கிறதா, அக்கா? என்னுடையது மை கக்குகிறது. ஒன்பதாம் பக்கத்தை அடித்துவிட்டு அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன், இந்த ஒரு தாளை மட்டும் கொடுத்தால் போதும். யார் கூப்பிடுகிறார்கள்? பதினைந்து வரவில்லையா? சரி, பதினாறு இதோ வருகிறேன் என்று சொல்லுங்கள், ஒரு நிமிஷம் சார், எழுதிக்கொண்டிருக்கிறேன்!

படித்துக்காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள். 'நானூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் அலமாரியிலிருந்து திருடியது நான், பெனிட்டா எழுதியது பொய். ஐகோர்ட்துரையை எட்டு நாள் பழி சுமக்க விட்டதும் நான்.' கீழே கையெழுத்து.

தலையை ஆட்டுகிறீர்கள். நன்றி அக்கா, பேனா இந்தாருங்கள். ஒன்று கவனித்தீர்களா? அவள் எழுதினது மூன்று வரி. என்னுடையது இரண்டு.